பீஸ் போனால் பதறாதீர், கம்பியைத் தடிமனாக்காதீர்!

வியாபாரிக்குத் தராசும் கல்லாப்பெட்டியும் எப்படியோ, அப்படியே இன்று மின்சாரமும் ஆகிவிட்டது. மின் தராசு, பில் போடும் கம்ப்யூட்டர், பால், தயிர் வைக்கும் குளிர்பெட்டி, மாவு அரைக்கும் இயந்திரம், பை ஒட்டும் மெஷின் என்று கடையில் எதைத் தொட்டாலும் கரண்ட் வேண்டியிருக்கிறது. மாலை 7 மணிக்கு ஆட்கள் கூட்டமாக நிற்கும்போது கடையின் ஒரு பக்கம் மட்டும் அணைந்துவிட்டால், கை முதலில் போவது பியூஸ் கட்டைக்குத்தான். "பீஸ் போயிருச்சு, ஒரு கம்பியைக் கட்டிடு" என்று கடைப் பையனிடம் சொல்வது வழக்கம். அவனும் கையில் கிடைத்த செம்புக் கம்பியை இரண்டு மூன்று இழையாக முறுக்கிக் கட்டிவிடுவான். விளக்கு எரியும், வியாபாரம் நடக்கும். பியூஸ் எதனால் போயிற்று என்ற கேள்வி அன்றோடு மறந்துபோகும்.

பல கடைகளில் தீ பிடிப்பதற்கு வழி வகுப்பது மறந்துபோன அந்தக் கேள்விதான். ஒரு பகுதியில் மட்டும் கரண்ட் நின்றுவிட்டால் காரணத்தை வரிசையாகத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி, எதுவரை நாமே பார்க்கலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிட வேண்டும் என்பதை நமது உறுப்பினர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறோம். வீட்டுக்கும் இதே முறைதான்.

நம் பகுதியின் நிலைமை

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் இயங்கத் தொடங்கிய பிறகு கோவையில் மின்சாரம் பரவியது, ஆலைகள் பெருகின. ரத்தினசபாபதி முதலியார் பெயரால் அமைந்த ரத்தினசபாபதிபுரம், அதாவது நமது ஆர்.எஸ்.புரம், முதலில் குடியிருப்புப் பகுதியாகவே வளர்ந்தது. திவான் பகதூர் ரோடு, டி.வி. சாமி ரோடு போன்ற சாலைகளில் வீடாகக் கட்டப்பட்டு, பின்னர் முன்புறம் கடையாக மாறிய கட்டிடங்கள் உண்டு. முன்னால் கடை, பின்னால் வீடு, மாடியில் குடோன் என்ற அமைப்பும் உண்டு.

நாலு பல்புக்கும் இரண்டு ஃபேனுக்கும் இழுத்த பழைய வயரில் இன்று குளிர்பெட்டியும் கெட்டிலும் ஓடினால், அந்த வயர் எத்தனை நாள் தாங்கும்? இதோடு, 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோவை கண்ட பல மணி நேர மின்வெட்டின்போது அவசர அவசரமாக வைத்த இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் இணைப்புகளும் சேர்ந்துகொண்டன. ஆகவே நம் கடைகளில் வயரிங் என்பது ஒரே காலத்தில் போட்டதாக இல்லாமல், அடுக்கடுக்காக ஏறியதாக இருக்கிறது. கோளாறு தேடும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொடுவதற்கு முன்

முதலில் உயிர், பிறகுதான் வியாபாரம். பெட்டியைத் திறப்பதற்கு முன் கீழ்க்கண்டவற்றைச் செய்து கொள்ளுங்கள்.

1. மெயின் சுவிட்சை அணையுங்கள். அணைத்த பிறகும் கரண்ட் இல்லை என்று நம்பிவிடாதீர்கள். இன்வெர்ட்டர் இருந்தால் மெயினை அணைத்தாலும் அதன் லைனில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். இன்வெர்ட்டரையும் தனியாக அணைக்க வேண்டும்.

2. முன்னால் கடையும் பின்னால் வீடுமாக இரண்டு மின் இணைப்புகள் உள்ள இடத்தில், கடையின் மெயினை அணைத்தாலும் வீட்டு லைனிலிருந்து எங்காவது கரண்ட் வந்துகொண்டிருக்கலாம். இரண்டையும் அணையுங்கள்.

3. ஜெனரேட்டர் வைத்திருப்போர் முறையான சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வழியாகவே இணைத்திருக்க வேண்டும். பிளக் பாயிண்டில் செருகி ஓட்டினால் அந்தக் கரண்ட் பின்னோக்கித் தெருக் கம்பிக்குப் போய், அங்கே வேலை செய்யும் லைன்மேனின் உயிரைப் பறித்துவிடும்.

4. டெஸ்டரை நம்புவதற்கு முன், கரண்ட் இருப்பது தெரிந்த ஒரு பாயிண்டில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். எரியாத டெஸ்டர் கரண்ட் இல்லை என்று பொய் சொல்லும்.

5. ஈரக் கை, ஈரத் தரை, வெறுங்கால் கூடவே கூடாது. காய்ந்த பலகை மேல் ரப்பர் செருப்போடு நில்லுங்கள். டார்ச் ஒன்று கையில் இருக்கட்டும், மெழுகுவத்தி வேண்டாம்.

கோளாறு யாருடைய எல்லையில்?

மீட்டர் வரை மின்வாரியத்தின் பொறுப்பு. மீட்டருக்கு இந்தப் பக்கம் நம் பொறுப்பு. ஆகவே முதல் வேலை தெருவைப் பார்ப்பது. தெரு விளக்கும் பக்கத்துக் கடையும் எரியவில்லை என்றால் நம் பெட்டியைத் திறக்கவே தேவையில்லை. பக்கத்தில் எரிந்து, நம்மிடம் முழுக் கடையும் அணைந்திருந்தால் மீட்டரைப் பாருங்கள். மின்னணு மீட்டரில் எண்கள் தெரியவில்லை என்றால் கரண்ட் மீட்டருக்கே வரவில்லை என்று கொள்ளலாம். அது வாரியத்தின் வேலை. மீட்டரின் சீலையோ, வாரியத்தின் பியூசையோ நாம் தொடக் கூடாது. தொட்டால் அது வேறு வழக்காகிவிடும்.

1957-ல் மாநில மின்வாரியம் அமைந்தது. 2010-ல் டான்ஜெட்கோ வந்தது. 2024-ல் அது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்றாயிற்று. நமக்கு என்றும் ஈ.பி.தான். 2021 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட மின்னகம் என்ற புகார் மையத்தின் எண் 94987 94987. புகார் சொல்லும்போது மின் இணைப்பு எண்ணைக் கேட்பார்கள். அதை மீட்டர் பலகையிலேயே எழுதி ஒட்டி வைத்துவிட்டால், இருட்டில் பழைய ரசீதைத் தேட வேண்டியதில்லை.

மூன்று பேஸ் உள்ள கடைகளுக்கு

மூன்று பேஸ் இணைப்பு உள்ள கடையிலும் குடோனிலும் பாதி விளக்கு எரிந்து பாதி அணைந்தால், பெரும்பாலும் ஒரு பேஸ் மட்டும் வரவில்லை என்று பொருள். மெயின் சுவிட்சில் மூன்று பியூஸ்களில் ஒன்று போயிருக்கலாம். அல்லது கம்பத்திலேயே போயிருக்கலாம். இந்த நேரத்தில் மூன்று பேஸ் மோட்டாரை ஓட்ட வேண்டாம். இரண்டு பேஸில் ஓடினால் காயில் கருகிவிடும்.

இதைவிட ஆபத்தானது இன்னொன்று. சில விளக்குகள் மங்கி, சில விளக்குகள் வழக்கத்துக்கு மீறிப் பளிச்சென்று எரிந்தால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் என்றால், இரண்டு பேஸ்களுக்கு இடையே சுமார் 400 வோல்ட். நியூட்ரல் அறுந்தால் குறைந்த பளு உள்ள பேஸில் வோல்டேஜ் அந்த 400-ஐ நோக்கி ஏறும். குளிர்பெட்டி, கம்ப்யூட்டர், பல்பு எல்லாம் சில நிமிடங்களில் போய்விடும். அந்த நேரத்தில் யோசிக்க வேண்டாம். ஓடிப்போய் மெயினை அணையுங்கள். பிறகு ஈ.பி.க்குப் போன் செய்யுங்கள்.

ஒரு பகுதி மட்டும் அணைந்தால்

ஒரு பேஸ் மட்டும் உள்ள கடையிலும் வீட்டிலும் ஒரு பக்கம் மட்டும் போனால், அந்தப் பக்கத்துக்கான பியூஸ் அல்லது எம்.சி.பி. எதுவென்று பாருங்கள். ட்ரிப் ஆன எம்.சி.பி.யின் நெம்பு சிலவற்றில் கீழே விழுந்திருக்கும். சிலவற்றில் நடுவில் நிற்கும். முழுவதும் கீழே தள்ளிவிட்டுப் பிறகு மேலே ஏற்ற வேண்டும்.

ஏற்றுவதற்கு முன் அந்த லைனில் உள்ள பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சுகளை அணையுங்கள். இதைச் செய்யாமல் ஏற்றிப் பயனில்லை. ஏற்றிய பிறகு என்ன நடக்கிறது என்பதே நமக்குக் கிடைக்கும் துப்பு.

எதுவும் செருகாமலே உடனே விழுந்தால் வயரிங்கிலேயே ஷார்ட் இருக்கிறது. இனி ஏற்ற வேண்டாம், வயர்மேன் வரட்டும்.

நின்றால், ஒவ்வொரு சுவிட்சாகப் போடுங்கள். ஒவ்வொரு பிளக்காகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ, கோளாறு அந்தப் பொருளில். அதை ஒதுக்கிவிட்டு வியாபாரத்தைத் தொடரலாம்.

எல்லாம் செருகிப் பத்து, இருபது நிமிடம் ஓடிய பிறகு விழுந்தால் அது பளு அதிகம் என்பதன் அடையாளம்.

பியூஸ் கட்டையிலும் இதே துப்பு உண்டு. கம்பி நடுவில் மட்டும் உருகி அறுந்திருந்தால் பெரும்பாலும் பளு கூடியிருக்கிறது. கம்பியே காணாமல் போய், பீங்கான் மேல் கறுப்பாகவும் பளபளப்பாகவும் சிதறியிருந்தால் பெரும்பாலும் ஷார்ட். கம்பி கட்டும் முன் கட்டையைத் துடைத்து இதைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

ஆர்.சி.சி.பி. என்ற கசிவுத் தடுப்பான் விழுந்தால் பேச்சே வேறு. கரண்ட் எங்கோ தரைக்குக் கசிகிறது. உயிர் காக்கும் வகை 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு இதை முதலில் ஏற்றுங்கள், பிறகு எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எல்லாம் இறங்கிய நிலையிலும் ஆர்.சி.சி.பி. விழுந்தால் நியூட்ரல் வயர் எங்கோ எர்த்தைத் தொடலாம். சாதாரண எம்.சி.பி. பேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் துண்டிக்கப்படாமலே இருக்கும். கடை நியூட்ரலையும் வீட்டு நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கியிருந்தாலும், விளக்குப் போட்டவுடன் இது விழும். "சும்மா சும்மா விழுகிறது" என்று அதைக் கழற்றி நேராக இணைப்பவர்கள் உண்டு. ஷாக் அடிக்கும்போது ஒருவரைக் காப்பாற்றக் கூடிய ஒரே கருவி அதுதான்.

எம்.சி.பி. விழவில்லை, பியூசும் போகவில்லை. ஆனால் கரண்ட் இல்லை

இது விட்டுப்போன இணைப்பு. பிளக் பாயிண்டில் எர்த் துளை மேலே இருக்கும்படி பார்த்தால், வலப்பக்கத் துளையில் பேஸ் இருக்க வேண்டும். அங்கே டெஸ்டர் எரியவில்லை என்றால் பேஸ் வரும் வழியில் சுவிட்சோ, ஜாயிண்டோ விட்டிருக்கிறது. வலப்பக்கம் எரிகிறது, பொருள் ஓடவில்லை என்றால், அதே லைனில் ஒரு விளக்கின் சுவிட்சைப் போட்டுவிட்டு இடப்பக்கத் துளையைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. "டெஸ்டர் எரியுது, ஆனா லைட் எரியலை" என்ற புதிருக்குப் பெரும்பாலும் விடை இதுதான். விளக்கு எரியாததால் கரண்ட் இல்லை என்று நினைத்து ஹோல்டரில் கை வைத்தால் ஷாக் நிச்சயம்.

டெஸ்டர் லேசாக மினுக்குவதை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். பக்கத்து வயரின் தூண்டலாலும் அது மினுக்கும். வயர்மேன்கள் டெஸ்ட் லாம்ப் போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

பளுவுக்கு ஒரு கணக்கு

வட்டிக் கணக்குப் போடத் தெரிந்தவருக்கு இது ஒன்றும் பெரிதல்ல. பொருளின் வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 1,500 வாட் கெட்டில் என்றால் ஆறரை ஆம்பியர். இதை விளக்கு லைனில் உள்ள 5 ஆம்பியர் பாயிண்டில் செருகினால் அது ஒன்றே அளவைத் தாண்டிவிடுகிறது. மோட்டார் உள்ள பொருள்கள் கிளம்பும்போது ஓடுவதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்டை ஒரு கணம் இழுக்கும். குளிர்பெட்டி கிளம்பும் அதே நொடியில் கெட்டிலும் ஓடினால் பியூஸ் போகாமல் என்ன செய்யும்?

வயரிங் நடைமுறையில் ஒரு விளக்கு லைனுக்கு 10 பாயிண்ட், 800 வாட் என்பது வரம்பு. 15 ஆம்பியர் பவர் லைனில் இரண்டு பாயிண்டுக்கு மேல் கூடாது. விளக்குக்கு 1 அல்லது 1.5 சதுர மி.மீ. வயர், பவருக்கு 2.5, ஏ.சி.க்கு 4 சதுர மி.மீ. என்பது பழக்கத்தில் உள்ள அளவு. உங்கள் கடையில் ஒரு லைனில் என்னென்ன ஓடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பவர் லைனில் கெட்டில் 1,500, மாவு இயந்திரம் 1,000, குளிர்பெட்டி 400, பை ஒட்டும் மெஷின் 600 என்றால் மொத்தம் 3,500 வாட். 15 ஆம்பியருக்கு மேல். இதற்குத் தீர்வு லைனைப் பிரிப்பது. பியூசைப் பெருக்குவது தீர்வாகாது.

கம்பியின் தடிமன்

ஈயம் பூசிய செம்புப் பியூஸ் கம்பிக்கு ஒரு கணக்கு உண்டு.

5 ஆம்பியருக்கு 0.20 மி.மீ.
10 ஆம்பியருக்கு 0.35 மி.மீ.
15 ஆம்பியருக்கு 0.50 மி.மீ.
20 ஆம்பியருக்கு 0.60 மி.மீ.
30 ஆம்பியருக்கு 0.85 மி.மீ.

சரியான கம்பியே தன் அளவைத் தாண்டியவுடன் உருகிவிடாது. ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு போனால்தான் உருகும். அப்படியிருக்க, 5 ஆம்பியர் கட்டையில் மூன்று இழை முறுக்கினால் என்ன ஆகும்? பியூஸ் உருகுவதற்குள் சுவருக்குள் இருக்கும் வயர் சூடேறி, அதன் மேலுறை இளகிவிடும். வாசலில் திருடன் வந்தால் சத்தம் போடும் காவலாளியின் வாயைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவதற்கு ஒப்பானது இது. எம்.சி.பி.யிலும் இதே தவறு நடக்கிறது. 6 ஆம்பியர் விழுகிறது என்று 32 ஆம்பியர் வாங்கி மாட்டுகிறார்கள். வயர் பழையதாகவே இருக்கும்போது எம்.சி.பி.யின் அளவை மட்டும் ஏற்றக் கூடாது. மோட்டார் கிளம்பும்போது விழுவதுதான் தொல்லை என்றால், அதே அளவில் 'சி' வகை வாங்கலாம். 'பி' வகை 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். 'சி' வகை 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும்.

மளிகைக் கடைக்கே உரிய காரணங்கள்

எலி. அரிசி, பருப்பு இருக்கும் இடத்தில் எலி இருக்கும். அதன் பல்லுக்கு வயரும் தப்பாது. பரண் மேலும் ரேக்குக்குப் பின்னாலும் ஓடும் வயரைக் குழாய்க்குள் விட வேண்டும்.

தூசி. மாவு, மிளகாய்ப் பொடித் தூசி சுவிட்சுக்குள் படிந்து, ஈரம் சேர்ந்தால் கசிவு உண்டாகும். பல்லியும் எறும்பும் பெட்டிக்குள் புகுந்து ஷார்ட் ஆவதும் உண்டு.

போர்டு விளக்கு. மழையில் நனையும் பெயர்ப் பலகைக்குள் தண்ணீர் இறங்கினால் ஆர்.சி.சி.பி. விழும். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதற்கெனத் தனி எம்.சி.பி. இருந்தால் மழை நாளில் அதை மட்டும் இறக்கிவிட்டுக் கடையை நடத்தலாம்.

சீரியல் செட். ஆயுத பூசைக்கும் தீபாவளிக்கும் கட்டும் அலங்கார விளக்கின் வயர் மெல்லியது. அதன் ஜாயிண்டைச் சாக்கு மூட்டை மேல் கிடத்த வேண்டாம்.

மூட்டை அடுக்கு. மீட்டர் பலகையை மறைத்து மூட்டை அடுக்குவது நம்மிடையே பரவலாக உள்ள பழக்கம். பக்கத்திலேயே எண்ணெய் டின், கற்பூரம், தீப்பெட்டி பண்டல். பெட்டியில் ஒரு லூஸ் காண்டாக்ட் பொறி விட்டால் போதும். ரங்கே கவுடர் வீதி போல நெருக்கமாகக் கடைகள் உள்ள மொத்த வியாபார வீதிகளில் ஒரு கடையின் தீ ஒரு கடையோடு நிற்காது. பலகைக்கு முன் ஓர் ஆள் நிற்கும் இடமாவது காலியாக இருக்கட்டும்.

வயர்மேனை எப்போது கூப்பிடுவது?

கருகிய வாசனை, சூடான பிளக், பழுத்த சுவிட்ச், சுவரில் லேசான ஷாக், ஏற்றியவுடன் விழும் எம்.சி.பி. இவற்றில் எது இருந்தாலும் அந்த லைனை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரிடமோ, தகுதிச் சான்று பெற்ற மின்கம்பியாளிடமோ வேலையைக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.

ரசீது எதற்கு என்பீர்கள். தீ காப்பீட்டுப் பத்திரங்களில் ஒரு விதி உண்டு: ஷார்ட் சர்க்யூட்டால் கெட்ட மின்சாதனத்துக்கு மட்டும் நட்டஈடு கிடையாது, அதிலிருந்து பரவிய தீயில் எரிந்த மற்றச் சரக்குக்கு உண்டு. அந்தக் கோரிக்கையின்போது சர்வேயர் வந்து வயரிங் யார் செய்தது, எப்போது செய்தது என்று கேட்டால் காட்ட ஒரு காகிதம் வேண்டும். உங்கள் பத்திரத்தை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு வயர் இழுத்திருப்போர் அதை உடனே பிரித்துவிடுவது நல்லது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி, அனுமதிக்கப்பட்ட காரியத்துக்கல்லாமல் வேறு காரியத்துக்கு மின்சாரம் எடுத்தால் உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு விதிக்கலாம். கோளாறு வரும்போது எந்த மெயினை அணைப்பது என்ற குழப்பமும் அதனாலேயே வருகிறது.

யாருக்காவது ஷாக் அடித்தால்

கையால் பிடித்து இழுக்காதீர்கள். மெயினை அணையுங்கள், முடியாவிட்டால் காய்ந்த மரக் கட்டையால் வயரைத் தள்ளுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பவுடர் அல்லது கரியமில வாயு அணைப்பானைப் பயன்படுத்துங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101.

இந்த வாரம் செய்ய வேண்டியது

வார விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்கி, எது அணைகிறது என்று பார்த்து, அதன் கீழே பெயர் எழுதி ஒட்டுங்கள்: "முன் விளக்கு", "குளிர்பெட்டி", "குடோன்", "போர்டு". பியூஸ் கட்டை இருந்தால் உள்ளே என்ன கம்பி இருக்கிறது என்று மெயினை அணைத்துவிட்டுப் பார்த்து, அளவு தவறாக இருந்தால் மாற்றுங்கள். ஆர்.சி.சி.பி.யில் உள்ள 'டி' பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று பாருங்கள். சரியான பியூஸ் கம்பி, டெஸ்டர், டார்ச் மூன்றையும் கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் மெயின் எங்கே இருக்கிறது, இன்வெர்ட்டரை எப்படி அணைப்பது என்று காட்டிக் கொடுங்கள்.

அடுத்த முறை ஒரு பக்கம் அணைந்தால் கம்பியைத் தேடுவதற்கு முன் காரணத்தைத் தேடுவோம். கால் மணி நேர வியாபாரம் போனால் நாளைக்குப் பிடித்துவிடலாம். குடோனும் அதிலுள்ள சரக்கும் அப்படியல்ல.